கால் அணா அந்தரங்கம்

கைப்பேசி நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறதா, செயலிகள் நம் தகவல்களை யாருக்கோ விற்கின்றனவா என்ற விவாதம் எழும்போதெல்லாம் ஒரு பதில் தவறாமல் வந்து விழுகிறது. அந்தரங்கம் என்பதே மேல்நாட்டுச் சரக்கு. திண்ணையும் கூட்டுக்குடும்பமுமாக வாழ்ந்தவர்களுக்கு அது எப்போது இருந்தது. ஊர்க் கடிதங்களையெல்லாம் தபால்காரரே படித்துக் காட்டிய நாடுதானே இது என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அஞ்சலட்டை, தந்தி, தொலைபேசி ஆகிய மூன்றும் இங்கே புழங்கிய விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இதற்கு நேர்மாறான முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கும். அந்தரங்கத்தின் தேவையை நம் மக்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அதைக் காக்கப் போதுமான சட்டம் இல்லாததால் மொழியைக் கொண்டு காத்துக்கொண்டார்கள்.

அஞ்சலட்டையிலிருந்தே தொடங்கலாம். 1869இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்த இந்த அட்டை, பத்தே ஆண்டுகளில், 1879 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது. விலை கால் அணா. அன்றைக்கு உறையிட்டு ஒட்டிய கடிதம் ஒன்றை அனுப்பக் குறைந்தது அரை அணா ஆகும். அதாவது எழுதியதை மூடி அனுப்புவதற்கு, திறந்து அனுப்புவதைப் போல இருமடங்கு கொடுக்க வேண்டும். கூலிக்காரர்களும் சிறு விவசாயிகளும் அஞ்சலட்டையை வாங்கியது ஒளிவுமறைவில் அக்கறை இல்லாததாலா, அந்தக் கால் அணாவை மிச்சப்படுத்தவா? இந்தக் கேள்வியைக் கேட்காமலே ‘யாரும் கவலைப்படவில்லை’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 1951 கணக்கெடுப்பில்கூட இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். மூடிய உறையே வாங்கினாலும், எழுதித் தர ஒருவர், மறுமுனையில் படித்துச் சொல்ல ஒருவர் என இரண்டு அந்நியக் காதுகள் நடுவில் இருந்தன. இந்த நிலையில் எழுதப்பட்ட கடிதங்களின் நடையைப் பாருங்கள். இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய அவா, நிற்க என்று தொடங்கும். மழை, விளைச்சல், மாடு ஈன்ற செய்தி எல்லாம் வரும். கடைசியில் ‘மற்றவை நேரில்’ என்று முடியும். பொதுவாக இதை வெற்றுச் சடங்கு என்று கேலி செய்வதுதான் வழக்கம். ஆனால் கடன், வரதட்சணை, மாமியார் கொடுமை, மருத்துவர் சொன்ன கெட்ட செய்தி என்று ஒரு குடும்பத்தில் மறைக்க வேண்டியவை அத்தனையும் அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால்தான் இருந்தன. இந்தக் கடிதத்தை வேறு யாரோ படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதியவர்களின் முத்திரை அது.

பலர் காதில் விழும் இடத்தில் சிலருக்கு மட்டும் புரியப் பேசும் இந்த வித்தை தபால் இலாகா வந்த பிறகு உண்டானதும் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், தகுதி வழக்கின் ஒரு வகையாகக் குழூஉக்குறிக்கு இலக்கணத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப் பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்யும் எடுத்துக்காட்டுகள். வாடிக்கையாளர் எதிரிலேயே தொழில் விஷயம் பேச வேண்டிய பட்டறைக்கு அப்படி ஒரு சொல் தேவைப்பட்டது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். துண்டை மேலே போட்டு, அதற்குள் விரல்களைப் பிடித்தே விலை பேசி முடித்தார்கள். நூறு பேர் சுற்றி நின்றாலும் தொகை இருவருக்கு மட்டுமே தெரியும். ஒரு மொழியின் இலக்கண நூல் கமுக்கப் பேச்சுக்குப் பெயர் வைத்து வகைப்படுத்தியிருக்கும்போது, அந்தச் சமூகத்துக்கு மறைவு என்ற எண்ணமே கிடையாது என்று வாதிடுவது எப்படி?

தந்தி வந்தபோது சிக்கல் கூடியது. 1855இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இந்தச் சேவை 2013 ஜூலையில் மூடப்படும்வரை, அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் குறைந்தது இரண்டு ஊழியர்கள் செய்தியைச் சொல் சொல்லாகப் படித்தாக வேண்டும். கட்டணமோ சொல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கு. பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும் என்பதால், கிராமத்தில் அதை எடுத்துக்கொண்டு பள்ளி ஆசிரியர் வீட்டுக்கோ போஸ்ட் மாஸ்டரிடமோ ஓடவும் வேண்டும். ‘ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி’ என்ற வாசகம் இந்த நெருக்கடியில் பிறந்ததுதான். பல வீடுகளில் அப்பா அதற்குள் இறந்திருப்பார். ஆனால் சாவை ஓர் அந்நியர் வாயால், தெருவில் வைத்துத் தெரிந்துகொள்ளும்படி செய்யக் கூடாது என்ற அக்கறையில் ‘சீரியஸ்’ என்றே அடிப்பார்கள். படித்தவருக்கும் புரியும், கேட்டவருக்கும் புரியும், சொல்ல மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். ‘ஆள் சீரியஸ்’ என்று ஆங்கிலம் தெரியாத பாட்டிகளும் சொல்லத் தொடங்கியது இப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரிகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம். வணிகர்கள் வழி வேறு. பென்ட்லி போன்றவர்கள் அச்சிட்ட குறிநூல்களைப் பார்த்து, ஒரு முழு வாக்கியத்தை அர்த்தமற்ற ஓர் எழுத்துக்கூட்டமாகச் சுருக்கி அனுப்பினார்கள். முதல் நோக்கம் செலவைக் குறைப்பது. சரக்கின் விலை தந்தி ஆபீஸ் குமாஸ்தாவுக்குத் தெரியாமல் போனது கூடுதல் லாபம்.

தொலைபேசி 1882இலேயே சென்னைக்கு வந்துவிட்டாலும் நூறு ஆண்டுகள் கழித்தும் தெருவுக்கு ஒரு வீட்டில்தான் அது இருந்தது. திருமணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டுக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு போன், கூப்பிட்டு விடுவார்கள் என்று அர்த்தம். அடுத்தவர் வீட்டு வரவேற்பறையில், அவர்கள் டி.வி. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு மரியாதையாகக் காத்திருக்க, ஒரு பெண் தன் கணவனிடம் எதைப் பேசிவிட முடியும்? ‘ம்’, ‘சரி’, ‘அதான்’, ‘அன்னிக்குச் சொன்னேனே அது’ என்று ஒரு தனி மொழி அங்கே உருவானது. பிறகு எஸ்.டி.டி. பூத்துகள் பெருகியபோது அவற்றுக்குக் கண்ணாடிக் கதவு வைத்த சிறிய அறை கட்டாயத் தேவையானது. கதவு இல்லாத பூத்தைவிடக் கதவுள்ள பூத்துக்குக் கூட்டம் சேர்ந்தது ஏன் என்று அந்தரங்கம் இறக்குமதிச் சரக்கு என்பவர்கள்தான் விளக்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஊரார் கண்ணும் காதும் திறந்திருந்ததால் நன்மையும் நடந்ததே. தந்தியைப் படித்த ஆசிரியர்தானே பஸ்ஸுக்குப் பணமும் கொடுத்து அனுப்பினார் என்று கேட்கலாம். உண்மைதான். அந்த ஈரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திறந்த கண் எல்லோர் மீதும் ஒரே அளவில் விழவில்லை. மகன் எழுதிய கடிதத்தை மருமகள் கைக்குப் போகும் முன் மாமனார் படித்தார். மருமகள் எழுதியதை அனுப்பும் முன் மாமியார் படிக்கச் சொல்லிக் கேட்டார். பண்ணையார் வீட்டுக் கடிதத்தை யாரும் பிரிக்கவில்லை. மறைவு இல்லாத சமூகம் அல்ல அது. மறைவை அந்தஸ்துக்கு ஏற்பப் பங்கிட்டுக் கொடுத்த சமூகம். 1879இன் கால் அணா வித்தியாசம் சொல்வதும் இதைத்தான்.

மறைவின் மதிப்பு அரசுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும். ஒரு தந்தியில் இருந்ததை ஊழியர் முறைகேடாக வெளியே சொன்னால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது 26ஆம் பிரிவு. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ காரணம் என்றால் அரசு எந்தத் தந்தியையும் இடைமறிக்கலாம் என்கிறது 5ஆம் பிரிவு. குடிமக்களின் செய்தி ரகசியமானது என்று அறிந்துதான் இந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. அரசு மட்டும் விதிவிலக்கு. விடுதலையின் வாசலில் இதை மாற்ற ஒரு வாய்ப்பு வந்தது. அரசியல் நிர்ணய சபையின் அடிப்படை உரிமைகள் துணைக்குழு 1947 ஏப்ரலில் அளித்த அறிக்கையில் கடிதப் போக்குவரத்தின் ரகசியம் ஓர் உரிமையாகவே இடம்பெற்றிருந்தது. அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் சென்னையின் பெரும் வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். கடிதங்கள் சாட்சியமாக வரும் உரிமையியல் வழக்குகளை இது பாதிக்கும் என்பது அவர் கவலைகளில் ஒன்று. வழக்கறிஞரின் கவலை; பொய்யில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு எழுதித் தீர்த்திருக்கக்கூடிய சிக்கலுக்காக உரிமையே கைவிடப்பட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த மாதமே ஆலோசனைக் குழு அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. அதன் பிறகு 1996 டிசம்பரில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யூ.சி.எல்.) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்குச் சில வரைமுறைகள் வகுக்க அரை நூற்றாண்டும், 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளிக்க எழுபது ஆண்டுகளும் ஆயின.

அதுவரை எப்படியோ சமாளித்தோமே, இனியும் மொழியே காக்காதா என்று கேட்டால், காக்காது என்பதே பதில். ‘மற்றவை நேரில்’ என்ற தந்திரம் பலித்ததற்குக் காரணம், எதிரில் இருந்தது மனிதக் காது. அது கேட்டதை மறக்கும், பாதியைத் தவறாகக் கேட்கும், சில சமயம் கேட்டும் கேளாதது போல இருந்துவிடும். இன்றைய கருவிக்குச் சொல்லே தேவையில்லை. யார் யாரை, எத்தனை மணிக்கு, எந்த ஊரிலிருந்து, எவ்வளவு நேரம் அழைத்தார் என்ற குறிப்புகளே போதும். ஒருவர் நள்ளிரவில் மருத்துவமனைக்கும், பிறகு வட்டிக்கடைக்கும், பிறகு அண்ணன் வீட்டுக்கும் பேசியிருந்தால், வாயே திறக்காமல் கதை முழுவதும் வெளியாகிவிடுகிறது. சமூக ஊடகத்தில் சாதிப் பெயர்களுக்கு நடுவே புள்ளி வைப்பவர்களும், வசைச்சொற்களைச் சிதைத்து எழுதுபவர்களும், தமிழை ரோமன் எழுத்தில் தட்டுபவர்களும் குழூஉக்குறியின் வாரிசுகள்தான். தமிழைக் கெடுக்கிறார்கள் என்று அவர்களைத் திட்டுவது அவசரத் தீர்ப்பு. கண்காணிப்பின் கீழ் மொழி எப்போதும் இப்படித்தான் வளைந்திருக்கிறது. ஆனால் அவர்களால் மறைக்க முடிவது சொல்லை மட்டும்தான், அழைப்பின் தடத்தை அல்ல.

தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்பது கடைசி வாதம். 1908 முதல் பத்தாண்டுகள் புதுச்சேரியில் பாரதியைச் சுற்றி வந்த பிரிட்டிஷ் உளவாளிகளின் கணக்கில் அவர் தப்பு செய்தவர்தான். எது தப்பு என்று முடிவு செய்யும் இடத்தில் கேட்பவரே இருக்கும்வரை இந்த வாதத்தில் உள்ளீடு கிடையாது. பயங்கரவாதத்தைத் தடுக்க ஒட்டுக்கேட்பு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். யார் அனுமதித்தால் கேட்கலாம் என்பதுதான் கேள்வி. தந்தியே இல்லாமல் போன பிறகு, 1885இன் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதன் 20ஆம் பிரிவிலும் அதே ‘பொது நெருக்கடி’, அதே ‘பொதுப் பாதுகாப்பு’. உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலாளர். அது சரிதானா என்று பிறகு பரிசீலிக்கும் குழுவில் இருப்பவர்களும் அரசின் செயலாளர்கள். உங்கள் தொலைபேசியை ஒட்டுக்கேட்க இன்றைக்கும் ஒரு நீதிபதியின் கையெழுத்து தேவையில்லை.