சிதம்பரத்தில் கைது, மதுரையில் துண்டறிக்கை

கங்கைகொண்ட சோழபுரம் என்றதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது ராஜேந்திர சோழனும் கோயிலும்தான். அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் வழியாக பஸ் ஏறினால் வருகிற சிதம்பரத்தில், இரண்டாம் உலகப் போர் சமயம் மாணவர்கள் நடத்திய ரகசிய அரசியலைப் பற்றி நம் வகுப்பில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

1934 முதலே கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை. 1939ல் போர் வந்ததும் பிடி இறுகியது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ஆர். உமாநாத் 1940ல் படிப்பை விட்டுவிட்டு சென்னையில் தலைமறைவு வேலைக்குப் போனார். பி. ராமமூர்த்தி, மோகன் குமாரமங்கலம் ஆகியோருடன் சென்னைச் சதி வழக்கில் சிக்கினார். கே. பாலதண்டாயுதமும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான்.

சிதம்பரத்து மாணவர்கள் கைதானதைக் கண்டித்து மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ஒருவர் துண்டறிக்கை எழுதினார். அவர் என். சங்கரய்யா. 1941 பிப்ரவரி 28ல் கைது. பி.ஏ. இறுதித் தேர்வுக்குப் பதினைந்து நாள்தான் பாக்கி! வேலூர்ச் சிறைக்குப் போனார். பட்டம் போயே போச்சு. ஹால் டிக்கெட்டைக் காணோம் என்றாலே தூக்கம் கெடுகிற நமக்கு இது எவ்வளவு பெரிய விலை என்று தெரியும்.

இதே ஆண்டுகளில் சீனாவின் குன்மிங்கில் மாணவர்களோடு பேராசிரியர்களும் அரசியலில் நின்றார்கள். கவிஞர் வென் யிதுவோ 1946 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் நாட்டைத் தாக்கிய சில மாதங்களுக்குப் பிறகு, கட்சி போரை ஆதரித்தது. 1942ல் தடை நீங்கியது. அந்தத் திருப்பம் எனக்கு இன்றும் ஒப்பவில்லை. அதற்காக அந்தப் பையன்களின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல முடியுமா?

2023ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் சங்கரய்யாவுக்கு கௌரவ டாக்டர் பட்டம் தர முடிவு செய்தது. ஆளுநர் கையெழுத்திடவில்லை. நவம்பர் 15ல், நூறு வயதைக் கடந்திருந்த அவர் காலமானார்.