சத்தம் போட்ட கார்களும் சத்தமில்லாத கார்களும்

போன மாதம் எங்கள் தெருவில் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். என் தாத்தாவுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை, இன்னொன்று மங்கல். ஆனாலும் தினமும் காலையில் தனியாகப் போய்த்தான் பேப்பர் வாங்கி வருவார். "காது இருக்குடா, அது போதும்" என்பார். அன்றைக்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் பின்னாலிருந்து வந்து அவர் கையை உரசிவிட்டுப் போய்விட்டது. நல்லவேளை, அடி இல்லை. வீட்டுக்கு வந்தவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "வண்டி வந்ததே தெரியலடா."

என் கார் பைத்திய நண்பனும் மின்சார கார்களைப் பற்றி இதையேதான் புலம்புவான். "ஓட்டுற மாதிரியே தெரியலடா, உயிரே இல்ல" என்று. இரண்டு பேருக்கும் குறை ஒன்றுதான், காரணம்தான் வேறு. சரி, இந்தச் சத்தத்துக்கு என்னதான் வரலாறு என்று படிக்க ஆரம்பித்தேன்.

முதல் ஆச்சரியம், மின்சார கார் புதுசு இல்லை. 1897-லேயே லண்டனில் வால்டர் பெர்சி என்பவர் மின்சார டாக்சி விட்டிருக்கிறார். அவை எழுப்பிய ரீங்காரத்தால் மக்கள் அவற்றுக்கு வைத்த செல்லப் பெயர் 'ஹம்மிங்பேர்ட்'. 1899-ல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டிய காரும் மின்சார கார்தான். பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனட்சி ஓட்டினார். 1900-ல் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் நீராவி 1,681, மின்சாரம் 1,575, பெட்ரோல் வெறும் 936. அதாவது கடைசி ரேங்க்!

அப்போது பெட்ரோல் காரின் பெரிய குறைகளே சத்தமும் புகையும்தான். கைப்பிடியைச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், அது திருப்பி அடித்தால் கை உடையும். அதனால் வசதியான வீட்டுப் பெண்களுக்கு மின்சார காரைத்தான் விற்றார்கள். உலகத்தையே பெட்ரோல் காரில் ஏற்றிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது எது தெரியுமா? டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கம்பெனியின் மின்சார கார் :-)

1908-ல் ஃபோர்டின் மாடல் டி மலிவாக வந்தது. 1912-ல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தது. கைப்பிடித் தொல்லை ஒழிந்தது. பெட்ரோல் ஜெயித்தது விலையாலும் வசதியாலும் தூரத்தாலும்தான். சத்தத்துக்காக யாரும் அதை வாங்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

சொல்லப்போனால் சத்தத்தை அடக்கத்தான் பாடுபட்டார்கள். அமெரிக்காவின் ரீவ்ஸ் சகோதரர்கள் சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கியது 1897-ல். ஆனால் அதோடு இன்னொன்றும் வந்தது, 'கட்-அவுட்' (நம்ம ஊர் சினிமா கட்-அவுட் இல்லை!). ஓட்டுபவர் ஒரு மிதியை அழுத்தினால் புகை சைலன்சருக்குப் போகாமல் நேராக வெளியே வரும். கொஞ்சம் பலம் கூடும், சத்தம் காதைப் பிளக்கும். பல நகரங்கள் தடை போடும் அளவுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். என் கணக்கில், சத்தப் பிரியர்களின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. சத்தம் என்றால் பலம் என்று காதுக்குப் பழகிவிட்டது.

இதில் நியாயமும் இருக்கிறது. நன்றாக ஓட்டுபவர் மீட்டரைப் பார்த்து கியர் மாற்றுவதில்லை, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத்தான் மாற்றுகிறார். எஞ்சின் திணறுவதும் துள்ளுவதும் காதில்தான் முதலில் விழும். அவருக்குச் சத்தம் ஒரு செய்தி.

அந்தச் செய்தி ஒரு கட்டத்தில் சொத்தாகவும் ஆனது. எங்கள் வணிகச் சட்ட வகுப்பில் வர்த்தக முத்திரை என்றால் பெயர், படம், எழுத்து என்றுதான் படித்தோம். ஹார்லி டேவிட்சன் நிறுவனமோ 1994-ல் தன் மோட்டார் சைக்கிளின் சத்தத்துக்கே முத்திரை கேட்டு விண்ணப்பித்தது! அதன் இரண்டு சிலிண்டர்களும் சம இடைவெளியில் வெடிக்காது, அதனால்தான் அந்த நொண்டித் தாளம். போட்டி நிறுவனங்கள் எதிர்த்தன. வழக்கு இழுத்துக்கொண்டே போக, 2000-ல் ஹார்லியே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. கணக்குப்பதிவியலில் வரும் 'நற்பெயர்' என்ற சொத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பெரிய சண்டை 2014-ல். ஃபார்முலா 1 பந்தயத்தில் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றிய வி8 எஞ்சின்கள் போய், 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைபிரிட் வந்தது. எரிபொருள் மிச்சம், ஆனால் சத்தம் பாதி செத்துவிட்டது. மெல்போர்னில் முதல் பந்தயம் முடிந்ததுமே அமைப்பாளர்கள் வெளிப்படையாகக் குறை சொன்னார்கள். மெர்சிடிஸ் அணி புகைக்குழாயில் நாதஸ்வரம் மாதிரி விரிந்த ஒரு குழலைச் செருகிச் சோதித்துப் பார்த்தது. பெரிய பலன் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பெய்ஜிங்கில் மின்சார கார்களுக்கான ஃபார்முலா இ பந்தயம் தொடங்கியது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 2011-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 பெட்ரோல் கார்தான், ஆனால் உள்ளே சத்தம் கேட்காததால் ஸ்பீக்கரில் எஞ்சின் சத்தம் போட்டார்கள். டாட்ஜ் 2022-ல் காட்டிய மின்சார மாதிரிக் காரில் 126 டெசிபல் உறுமல் என்று பெருமையாக அறிவித்தார்கள். 2023-ல் ஹூண்டாய் ஐயோனிக் 5 என் காரில் இல்லாத கியரை மாற்றும் உதறலைக்கூட வைத்தார்கள். நண்பனிடம் சொன்னேன். "டப்பிங் குரல்டா அது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

இன்னொரு பக்கம், அமெரிக்காவில் பார்வையற்றோர் அமைப்புகள் வேறொரு சத்தத்துக்காகப் போராடின. 2011 ஜனவரியில் அங்கே அதற்கான சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலை முதல் புது மாடல் மின்சார கார்களும், 2021 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புது மின்சார கார்களும், மணிக்கு 20 கிலோமீட்டர் வரை சத்தம் எழுப்பியே ஆக வேண்டும். அந்த 20-ல் குறைந்தது 56 டெசிபல், அதிகபட்சம் 75. வேகம் மாறினால் சத்தத்தின் சுருதியும் மாற வேண்டும். வேகம் கூடிய பிறகு டயர் சத்தமே போதும் என்பதால்தான் இந்த 20 வரம்பு.

அந்தச் சுருதி விதியைப் படித்ததும்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. என் நண்பன் எஞ்சினில் கேட்டதும் இதைத்தானே? வண்டி என்ன செய்கிறது என்ற செய்தி. ஓட்டுபவனுக்கு அது சுகம். நடப்பவருக்கு அது உயிர். செய்தி சொல்லும் சத்தத்துக்கு 56 டெசிபல் போதும் என்று ஒரு சட்டம் கணக்குப் போட்டிருக்கிறது. 126 என்பது வெறும் பந்தா. அந்தப் பந்தா போனால் நான் அழ மாட்டேன் (நண்பன் அழுவான், மன்னிக்கவும்).

தாத்தாவிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாட்டு வண்டிக்கே மணி கட்டித்தானேடா ஓட்டினோம்" என்றார். நூறு வருஷத்து வரலாற்றைப் படித்துவிட்டு வந்தவனுக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்களுக்கு எந்த வண்டிச் சத்தம் பிடிக்கும்? எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.