எச்.ஐ.வி. சார்ந்த உடல் நலிவு

எச்.ஐ.வி. சார்ந்த உடல் நலிவு அல்லது எயிட்ஸ் உடல் மெலிவு என்பது, எச்.ஐ.வி. என்னும் தீநுண்மி தொற்றியவர்களின் உடல் எடை, குறிப்பாகத் தசைத் திணிவு, அவர்கள் முயலாமலேயே தொடர்ந்து குறைந்து செல்லும் நிலையாகும். பட்டினியால் ஏற்படும் மெலிவும் இதுவும் முற்றிலும் ஒன்றல்ல. பட்டினியின்போது உடல் முதலில் கொழுப்பைச் செலவிட்டுத் தசையைக் காக்க முயல்கின்றது. இந்நிலையிலோ கொழுப்புடன் தசையும் சேர்ந்தே கரைகின்றது. எனவே உணவை மட்டும் கூட்டிக் கொடுத்து இதனைச் சீராக்க இயலாது. போதிய உணவின்றி மருந்து மட்டும் உட்கொண்டாலும் இழந்த தசை எளிதில் மீளாது. மருந்து, உணவு, பராமரிப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே தேவைப்படும் நிலை இது.

வரையறை

ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987 ஆம் ஆண்டு இதனை எயிட்ஸைச் சுட்டும் நிலைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அதன்படி, முன்பிருந்த எடையில் 10 விழுக்காட்டிற்கு மேல் இழப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். அதனுடன் 30 நாட்கள் அல்லது அதற்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கோ, அதே அளவு காலம் நீடிக்கும் காய்ச்சலும் சோர்வுமோ இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 55 கிலோ எடையிருந்த ஒருவர் 5.5 கிலோவுக்கு மேல் இழந்தால் முதல் அளவுகோல் நிறைவேறுகின்றது. உலக சுகாதார அமைப்பின் நான்கு படிநிலைப் பகுப்பில் உடல் நலிவு நான்காம், அதாவது இறுதிப் படிநிலையில் வைக்கப்பட்டுள்ளது.

வரலாறு

1985 இல் உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்தில் பரவிய ஒரு நோய் பற்றிய மருத்துவ அறிக்கை வெளியானது. கடும் மெலிவையும் வயிற்றுப்போக்கையும் கண்ட அப்பகுதி மக்கள் அதனை 'மெலிவு நோய்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்து வந்தனர். அது எச்.ஐ.வி. தொற்றுடன் தொடர்புடையது என்பதை அந்த அறிக்கை காட்டியது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986 இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இதனைச் செய்தனர். குருதி மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. 1928 இல் காசநோய்க்கென நிறுவப்பட்ட தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை, 1990களில் எச்.ஐ.வி. உள்ளோர் பெருமளவில் நாடிவரும் இடமாயிற்று. கூட்டு மருந்துகள் எட்டாத விலையில் இருந்த அக்காலத்தில், நலிவுற்று வருவோருக்குத் தொற்றுகளுக்கான மருத்துவமும் உணவும் பராமரிப்புமே பெரும்பாலும் அளிக்க முடிந்தன.

2001 இல் மும்பையைச் சேர்ந்த சிப்லா நிறுவனம் கூட்டு மருந்தை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் தொடங்கப்பட்ட மையங்களுள் தாம்பரமும் ஒன்று. 2017 முதல் இந்தியாவில், சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை எதுவாயினும், தொற்று உறுதியான அனைவருக்கும் மருந்து வழங்கப்படுகின்றது. இதனால் கடும் நலிவு முன்பைவிடக் குறைந்துள்ளது. ஆயினும் தாமதமாகக் கண்டறியப்படுவோரிடமும் மருந்தை இடையில் நிறுத்தியோரிடமும் இது இன்றும் காணப்படுகின்றது.

காரணங்கள்

உடல் நலிவுக்கு மூன்று வழிகளில் காரணங்கள் அமைகின்றன.

1. உட்கொள்ளும் உணவு குறைதல். வாய்ப்புண், வாயிலும் உணவுக்குழாயிலும் ஏற்படும் பூஞ்சைத் தொற்று, குமட்டல், மனச்சோர்வு, வறுமை ஆகியவை இதற்குக் காரணமாகின்றன.
2. உண்டது உடலில் சேராமை. குடலின் உட்சுவர் பாதிக்கப்படுவதாலும் ஒட்டுண்ணித் தொற்றுகளாலும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டு ஊட்டப் பொருட்கள் வீணாகின்றன.
3. வளர்சிதைமாற்றம் மாறுதல். தீநுண்மியை எதிர்க்கும் முயற்சியில் உடல் ஓய்வு நிலையிலும் கூடுதல் ஆற்றலைச் செலவிடுகின்றது. தசைப் புரதம் சிதைகின்றது.

இவற்றுள் விரைவான எடை இழப்புக்கு முதன்மைக் காரணம் உணவு குறைவதே என 1990களில் நடந்த ஆய்வுகள் காட்டின. காசநோய் போன்ற உடன்தொற்று வரும்போது பசி அடங்கிவிடுகின்றது. எடை சில வாரங்களிலேயே சரிகின்றது. இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளோர் திடீரென மெலிந்தால் முதலில் ஐயுற வேண்டியது காசநோயையே ஆகும்.

எடையும் உயிரும்

1989 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, உடலின் உயிரணுத் திணிவு இயல்பான அளவில் ஏறத்தாழ 54 விழுக்காடாகக் குறையும்போது இறப்பு நேர்வதாகக் கணித்தது. மெலிவுக்குக் காரணம் எந்தத் தொற்று என்பதைவிட மெலிவின் அளவே இறப்பின் காலத்துடன் கூடுதலாகத் தொடர்புற்றிருந்தது. 2006 இல் சிங்கப்பூரிலிருந்து வெளியான மற்றோர் ஆய்வில், கூட்டு மருந்து தொடங்கும்போது உடல் நிறை எண் 17 க்கும் கீழ் இருந்தவர்களின் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. ஆகவே மாதந்தோறும் எடை பார்த்துக் குறித்து வைப்பது எளிய, ஆனால் இன்றியமையாத சோதனையாகும்.

ஊட்டம்

உலக சுகாதார அமைப்பின் 2003 ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, அறிகுறியற்ற எச்.ஐ.வி. உள்ளோருக்கு ஆற்றல் தேவை 10 விழுக்காடு கூடுகின்றது. அறிகுறிகள் தோன்றியபின் 20 முதல் 30 விழுக்காடு வரை கூடுகின்றது. எடை இழந்த குழந்தைகளுக்கு இது 50 முதல் 100 விழுக்காடு வரை ஆகலாம். மொத்த ஆற்றலில் 12 முதல் 15 விழுக்காடு புரதத்திலிருந்து கிடைத்தால் போதும். உயிர்ச்சத்துகளும் தாதுக்களும் பிறருக்குப் பரிந்துரைக்கப்படும் அளவிலேயே போதுமானவை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 ஆம் ஆண்டு அளவீட்டின்படி, அதிக உடலுழைப்பில்லாத ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கிலோகலோரி தேவை. அறிகுறிகள் உள்ள நிலையில் இதற்கு மேல் ஏறத்தாழ 420 முதல் 630 கிலோகலோரி வரை வேண்டும். வழக்கமான உணவுடன் 50 கிராம் நிலக்கடலை, ஒரு குவளை பால், ஒரு வாழைப்பழம் ஆகியவற்றைச் சேர்த்தால் ஏறத்தாழ 500 கிலோகலோரி கிடைத்துவிடும். முட்டை, பயறு வகைகள், உளுந்தங்களி, கம்பங்கூழ், சத்துமாவுக் கஞ்சி, முருங்கைக்கீரை ஆகியவை தென்மாவட்டங்களில் எளிதில் கிடைக்கும் பிற உணவுகளாகும். விலை மிகுந்த ஊட்டச்சத்து மாவுகள் கட்டாயமல்ல.

அறிகுறிக்கேற்ப உணவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

- பசியின்மை: மூன்று வேளை உணவை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கலாம்.
- வாய்ப்புண்: காரமும் புளிப்பும் தவிர்த்து, ஆறிய, குழைந்த உணவு ஏற்றது. கூட்டு மருந்தால் பூஞ்சைத் தொற்று குறையும் வரை அதற்கெனத் தனி மருந்தும் தேவைப்படலாம்.
- வயிற்றுப்போக்கு: கஞ்சி, இட்லி, வாழைப்பழம், மோர் ஆகியவை ஏற்றவை. உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்க வேண்டும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதனைச் சிலகாலம் தவிர்க்கலாம்.

நீண்ட நாள் உண்ணாமல் மிகவும் நலிந்தவருக்கு ஒரேயடியாக நிறைய உணவு கொடுப்பது ஆபத்தானது. குருதியில் பாசுபேட்டு முதலியவற்றின் அளவு திடீரெனச் சரிந்து உயிருக்கே கேடு நேரலாம். அத்தகையோருக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில் உணவைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தினர், எச்.ஐ.வி. உள்ளோருக்கு நாள்தோறும் ஏறத்தாழ 400 கிலோகலோரியும் 15 கிராம் புரதமும் தரும் கூடுதல் உணவை ஆறு மாதங்கள் அளித்து ஆய்ந்தனர். 2010 இல் வெளியான அதன் முடிவுகளின்படி, உணவு பெற்றோரின் எடை கூடியது, சி.டி.4 எண்ணிக்கையில் மாற்றமில்லை. உணவு உடலைத் தேற்றும், ஆனால் மருந்தின் இடத்தை நிரப்பாது என்பதையே இது உணர்த்துகின்றது.

மருத்துவம்

கூட்டு மருந்தும், உடன்தொற்றுகளைக் கண்டறிந்து குணப்படுத்துவதுமே மருத்துவத்தின் அடிப்படை. பசியைத் தூண்டும் மெகஸ்ட்ரால் அசிட்டேட் என்னும் மருந்தை ஐக்கிய அமெரிக்கா 1993 இல் இந்நிலைக்கு ஏற்றுக்கொண்டது. எனினும் அதனால் கூடும் எடை பெரும்பாலும் கொழுப்பே. உடல் தேறிய பின் செய்யும் எளிய பளுப் பயிற்சிகள் தசை மீளத் துணைபுரிகின்றன.

முன்பு பயன்பட்ட ஸ்டாவுடின் என்னும் மருந்து முகத்திலும் கைகால்களிலும் கொழுப்பைக் கரைத்து நலிவு போன்ற தோற்றத்தைத் தந்தது. அதனைப் படிப்படியாகக் கைவிடுமாறு உலக சுகாதார அமைப்பு 2009 இல் அறிவுறுத்தியது.

தாம்பரத்தில் இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் இலேகியம் ஆகிய சித்த மருந்துகளும் எச்.ஐ.வி. உள்ளோருக்கு வழங்கி ஆராயப்பட்டன. இவை கூட்டு மருந்துக்கு மாற்றாக நிறுவப்படவில்லை. இரசகந்தி மெழுகில் பாதரசம் சேர்வதால் அதனைத் தாமாக உட்கொள்ளல் ஆகாது.

பராமரிப்பும் சமூகமும்

ஒரே தட்டில் உண்பதாலோ, நோயாளியைத் தொட்டுத் தூக்கிக் குளிப்பாட்டுவதாலோ எச்.ஐ.வி. பரவாது. குருதி படிந்தவற்றைக் கையாளும்போது மட்டும் கையுறை தேவை. தனித்தட்டு, தனியறை என ஒதுக்கப்படுபவர் உண்பது மேலும் குறைகின்றது. ஒதுக்குதலே நலிவைக் கூட்டுகின்றது. பல குடும்பங்களில் பராமரிக்கும் மனைவியும் தொற்று உள்ளவராகவே இருப்பார். வீட்டில் அனைவரும் உண்ட பின் எஞ்சியதை உண்ணும் அவருடைய எடையையும் கவனிக்க வேண்டும். சேத்தூர், இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற, ஒருவரையொருவர் அறிந்த ஊர்களில் மெலிவே நோயை வெளிக்காட்டும் அடையாளமாகப் பார்க்கப்படுவதுண்டு. அதற்கு அஞ்சி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவதே மெலிவை முற்றச் செய்கின்றது.

சோதனை முடிவு உரியவரைச் சென்றடைவதும் இன்றியமையாதது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண்ணொருவருக்கு எச்.ஐ.வி. கலந்த குருதி ஏற்றப்பட்டது தெரியவந்தது. குருதிக் கொடையாளரான இளைஞருக்குத் தம் தொற்று முன்னர் தெரிந்திருக்கவில்லை. அவர் அம்மாதமே தற்கொலைக்கு முயன்று உயிரிழந்தார்.

ஆதரவு அமைப்புகள்

- நம்பிக்கை மையம்: அரசு மருத்துவமனைகளில் இலவசக் குருதிச் சோதனையும் ஆலோசனையும் அளிக்கின்றது. முடிவு மறைபொருளாகக் காக்கப்படும்.
- 1097: தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்.
- எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்புகள்: சென்னையில் 1997 இல் இந்திய அளவிலான கூட்டமைப்பும், 1998 இல் பெண்களுக்கான கூட்டமைப்பும் தோன்றின.
- அந்தியோதயா அன்ன யோசனா: இத்திட்டத்தில் மாதம் 35 கிலோ தானியம் வழங்கப்படுகின்றது. எச்.ஐ.வி. உள்ள வறியோருக்கு இதில் முன்னுரிமை தர 2009 இல் நடுவண் அரசு அறிவுறுத்தியது.
- காசநோய் உதவித்தொகை: காசநோய் மருத்துவம் பெறுவோரின் உணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பரில் இது 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.
- எச்.ஐ.வி. மற்றும் எயிட்ஸ் தடுப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017: 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. மருத்துவம், கல்வி, வேலை ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதை இது தடை செய்கின்றது.

இவற்றையும் பார்க்கவும்

- எயிட்ஸ்
- காசநோய்
- ஊட்டச்சத்துக் குறைபாடு
- சுனிதி சாலமன்