மன்றம் இல்லாத நகராட்சி

கடற்கரைச் சாலை மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. மேரி என்றால் பிரெஞ்சில் மேயர் அலுவலகம். அன்று மேயரும் இல்லை, மன்றமும் இல்லை. 2011இல் பதவிக்காலம் முடிந்த பின் தேர்தலே நடத்தவில்லை.

இது இங்கே புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சி 1880இல் கொம்யூன்களையும் அவற்றுக்கு மன்றங்களையும் ஏற்படுத்தியது. இந்தியாவோடு இணைந்த பின் 1968இல் ஒரு தேர்தல், அடுத்தது 2006இல். நடுவே 38 ஆண்டுகள்! பட்டியல் சாதியினருக்கு இடம் ஒதுக்கச் சொல்லும் அரசமைப்பின் 74ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒதுக்கீட்டில் நாம் மன்றத்தில் உட்கார்ந்தது 2006இல் கிடைத்த அந்த ஒரே ஐந்தாண்டுதான். 2021இல் அறிவித்த தேர்தலும் இடஒதுக்கீட்டுத் தகராறில் நின்றுபோனது. அதே ஆண்டு, மேரியை மட்டும் பழைய வடிவிலேயே கட்டித் திறந்தார்கள்.

வசூல் நிற்கவில்லை. வீட்டு வரி, தொழில் வரி, பெரிய மார்க்கெட் கடை வாடகை எல்லாம் வருகின்றன. எந்தத் தெரு வாய்க்காலை முதலில் கட்டுவது என்று முடிவெடுப்பவர் ஆணையர். அவர் நல்லவராகவே இருக்கட்டும். நாம் தேர்ந்தெடுத்தவர் அல்ல, நம்மால் மாற்றவும் முடியாது. விடியுமுன் ஊரைக் கூட்டுகிற நம் மக்கள், தங்கள் தெருச் சாக்கடைக்காக அவர் வாசலில் மனுவோடு நிற்கிறார்கள்.