துப்பாக்கியைக் கேட்ட கை



அமெரிக்காவின் மேற்குப் புலத்தைக் காட்டும் திரைப்படங்களிலே, இடையிற் சுழல்துப்பாக்கி தொங்க வீதியில் நடக்கும் மனிதனை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அவ்வாறு துப்பாக்கி ஏந்தித் திரிதல் அங்கு எவராலுந் தடுக்கப்படாத உரிமையென்றே அப்படங்கள் நம்மை எண்ணச் செய்யும். வரலாறு கூறுவது வேறு. அப்படங்களுட் புகழ்பெற்ற சண்டையொன்று மூண்டதே, நகருக்குள் துப்பாக்கி ஏந்தலாகாது என்ற சட்டத்தை நிறைவேற்றப் போனவிடத்தில்தான்.

அரிசோனாப் பிரதேசத்தில், 1877ஆம் ஆண்டில், எட் ஷெபலின் என்பவர் வெள்ளி தேடி அலைந்தார். அப்பாலை நிலத்தில் உனக்குக் கிடைக்கப் போவது உன் கல்லறைக் கல்லே என்று பிறர் எள்ளினர். வெள்ளி கிடைத்தது. கல்லறைக் கல் என்று பொருள்படும் டூம்ஸ்டோன் என்ற பெயரே அங்கு எழுந்த ஊருக்கும் நிலைத்தது. சுரங்கத் தொழிலாளர், வணிகர், சூதாடிகள், மாடு மேய்ப்போர் எனப் பலரும் அவ்வூரை நிறைத்தனர். மதுவும் துப்பாக்கியும் ஓரிடத்திற் கூடின.

1880 ஒக்டோபர் 28ஆந் திகதி இரவு, சிலர் வானை நோக்கிச் சுட்டுக் களித்தனர். நகர மாஷல் பிறெட் வைற் என்பவர் அவ்விடஞ் சென்று, கேர்லி பில் எனப்பட்டவனிடம் துப்பாக்கியைக் கேட்டார்; அதன் குழலைப் பற்றி இழுத்தார். துப்பாக்கி வெடித்தது. இரு நாள்களில் வைற் இறந்தார். அது தற்செயலாக வெடித்ததென்று இறக்குமுன் அவரே கூறியமையால், கேர்லி பில் விடுதலை பெற்றான்.

1881 ஏப்ரில் மாதம் நகரசபை ஒரு சட்டம் இயற்றியது. அநுமதிப் பத்திரம் இல்லாதார் நகர எல்லைக்குள் கொலைக் கருவி தாங்கலாகாது என்பதே அதன் சாரம். வெளியூரார் தம் ஆயுதங்களைக் குதிரை லாயத்திலோ விடுதியிலோ ஒப்புவித்துவிட்டு, ஊரை விட்டுப் போகும்போது மீட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.

சட்டம் நன்று. அதனை நிறைவேற்றியவர் யாவர், எவ்வாறு நிறைவேற்றினர் என்பதே இனி நாம் நோக்க வேண்டியது.

அவ்வாண்டு ஒக்டோபரில் நகரப் பொலிஸ் தலைவராயிருந்தவர் வேர்ஜில் ஏர்ப். ஏர்ப் சகோதரருக்கும், கிளான்டன், மக்லோரி ஆகிய மாட்டுப் பண்ணைக் குடும்பத்தாருக்கும் பகைமை முற்றியிருந்தது. 26ஆந் திகதி காலை, றைபிளும் சுழல்துப்பாக்கியும் ஏந்தி மிரட்டித் திரிந்த ஐக் கிளான்டனை வேர்ஜில் பின்புறமாகச் சென்று தலையில் அடித்துக் கைதுசெய்தார். நீதிமன்றம் 25 டொலர் அபராதம் விதித்தது. அன்றே தொம் மக்லோரியும் வயற் ஏர்ப்பிடம் அடிபட்டான்.

பிற்பகலில் இவ்விரு குடும்பத்தாரும் பிறிமொன்ற் வீதியை அடுத்த வெற்றுக் காணியொன்றிற் கூடினர். மாவட்ட ஷெரிப் பீஹன் முன்னதாகச் சென்று ஆயுதங்களைத் தருமாறு கேட்டார். ஏர்ப் சகோதரரின் ஆயுதங்களையும் களைந்தாலன்றித் தரமாட்டேனென்று பிராங் மக்லோரி மறுத்தான். அவ்வேளை வேர்ஜில், தம் உடன்பிறந்தாராகிய வயற், மோர்கன் ஆகியோரையும், நண்பர் டொக் ஹொலிடேயையும் துணைகொண்டு வந்தார். நெடுந்துப்பாக்கியை ஹொலிடேயிடங் கொடுத்து, அவருடைய கைத்தடியைத் தம் கையில் வாங்கியிருந்தார். கைகளை உயர்த்துங்கள், துப்பாக்கிகளைத் தாருங்கள் என்று அவர் கூவினார். மறுகணமே வேட்டுக்கள் ஒலித்தன. ஏறக்குறைய முப்பது வினாடியில் முப்பது வேட்டுக்கள். பில்லி கிளான்டனும் மக்லோரி சகோதரர் இருவரும் மாண்டனர். வேர்ஜிலும் மோர்கனும் காயமுற்றனர். முதல்நாள் முதல் சண்டையை வளர்த்த ஐக் கிளான்டன் ஓடித் தப்பினான்.

மாண்டோர் கைகளை உயர்த்தி நின்றனரா? தொம் மக்லோரியிடம் ஆயுதம் இருந்ததா? சாட்சிகள் முரண்பட்டனர். நீதவான் வெல்ஸ் ஸ்பைசர் ஒரு மாதமளவு விசாரித்து, நவம்பர் முடிவில் தீர்ப்பளித்தார். காயங்கள் அமைந்த விதம், கையுயர்த்தி நின்றனர் என்ற சாட்சியத்துடன் பொருந்தவில்லை என அவர் கண்டார். வயற் ஏர்ப்பையும் ஹொலிடேயையும் மேல் வழக்குக்கு உட்படுத்தப் போதிய சான்றில்லை என்றும் முடிவுசெய்தார். ஆயினும் அத்தீர்ப்பில் மற்றுமொரு கருத்தும் உண்டு. முன்னரே பகைமையுற்றிருந்த இவ்விருவரையும் பொலிஸ் தலைவர் துணைக்கு அழைத்தது விவேகமற்ற செயல் என்று அவர் குறித்தார். அது குற்றமன்று, ஆனால் தவறு.

அத்தவற்றின் விலை அன்றோடு தீரவில்லை. டிசெம்பர் 28ஆந் திகதி இருளில் மறைந்திருந்தோர் சுட்டமையால் வேர்ஜிலின் இடக்கை செயலிழந்தது. 1882 மார்ச் மாதம் மோர்கன் கொல்லப்பட்டார்.

வைற் துப்பாக்கியின் குழலைப் பற்றினார். பகை காரணமன்றி, அவசரத்தால் உயிரிழந்தார். வேர்ஜில் கைத்தடி ஏந்திச் சென்றார். ஆனால் அவர் அருகே பகைமையும் நடந்து சென்றது. ஆயுதந் தாங்கிய குடிமகன் தன்னை அணுகும் அதிகாரியின் கையைப் பார்க்கிறான். அவருடன் வருவோர் யாவர் என்பதையும் பார்க்கிறான். எதிரே நிற்பது சட்டம் என்று அவன் நம்பினால் துப்பாக்கியைத் தரவுங்கூடும். பகைவன் என்று கண்டால் தரமாட்டான். சட்டத்தை இயற்றிய நகரசபை தன் கடமையைச் செய்தது. அதனை எடுத்துச் செல்லத் தக்கவரைத் தேர்வதே எஞ்சியிருந்த கடமை. அதனை மறந்த நகரம் மூவரைப் புதைத்தது.