மெட்ராஸ் முறை

ஒரு மாணவன் இன்னொரு மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பதை அடிப்படையாகக் கொண்ட பள்ளி நடைமுறைக்கு மெட்ராஸ் முறை என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், சென்னை எழும்பூரில் இருந்த ஒரு கிறிஸ்தவ அனாதைப் பள்ளியில் இது உருவானது. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய், அந்நாட்டு ஏழைக் குழந்தைகளில் பலர் அரிச்சுவடி கற்ற வழியாக ஆயிற்று. இதை வகுத்தவர் ஆண்ட்ரூ பெல் (1753–1832) என்னும் பாதிரியார்.

பெல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்தவர். அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து, வர்ஜீனியாவில் சில ஆண்டுகள் வீட்டு ஆசிரியராக இருந்துவிட்டு, ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். 1787இல் சென்னைக்கு வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பிரிவுகளுக்குக் குருவாக ஒன்றுக்கு மேற்பட்ட பதவிகள் கிடைத்தன. இயற்பியல் சொற்பொழிவுகளாலும் வருமானம் வந்தது. பணத்தில் கெட்டிக்காரரான அவர், 1789இல் ஏற்ற பள்ளிப் பொறுப்புக்கு மட்டும் சம்பளம் வாங்கவில்லை.

அந்தப் பள்ளி, ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கானது. தகப்பன் போரிலோ நோயிலோ இறந்திருப்பான். அல்லது கைவிட்டுப் போயிருப்பான். பிள்ளைகளைத் தாய்மாரின் சூழலிலிருந்து பிரித்து நல்ல கிறிஸ்தவர்களாக, கம்பெனிக்குப் பயன்படும் குடிமக்களாக ஆக்குவதே நோக்கம் என்று பெல் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். அந்தத் தாய்மாரைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பள்ளி இருந்தது பழைய எழும்பூர்க் கோட்டையில்; இப்போது எழும்பூர் ரயில் நிலையம் நிற்கும் இடம் அது.

பொறுப்பேற்றபோது பள்ளி மந்தமாக ஓடிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் எழுத்துகளைக் கற்கவே மாதக்கணக்கில் திணறினார்கள். சம்பள ஆசிரியர்களோ புதிதாக எதைச் சொன்னாலும் முகம் சுளித்தார்கள். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் பெல்லின் கண்ணில் பட்டது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்ததும் தம் பள்ளியின் கடைசி வகுப்புக்கும் மணல் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர் அது நடக்காது என்றார். செய்ய மனமில்லாதவருக்கு நடக்காதுதான்.

பெல் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை, ஒரு சாதாரணச் சிப்பாயின் மகனை, அழைத்து அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியரால் முடியாததைப் பையன் செய்துகாட்டினான். பிறகு கீழ்வகுப்புகள் ஒவ்வொன்றாகச் சிறுவர்கள் கைக்கு மாறின. மணலைக் கண்டது தற்செயல். வகுப்பைப் பையனிடம் கொடுத்ததுதான் துணிச்சல்.

பள்ளி இயங்கிய விதம் இது: வகுப்பில் நன்றாகப் படிப்பவனும் பின்தங்கியவனும் இருவர் இருவராக உட்காருவார்கள், முதல்வன் இரண்டாமவனுக்குப் பாடம் சொல்வான். இந்த இணைகளைக் கவனிக்க ஒரு துணை ஆசிரியன், அவனுக்கு மேலே வகுப்பு ஆசிரியன்; இருவரும் சிறுவர்களே. பெரியவர்களின் வேலை மேற்பார்வை மட்டும். பாடங்கள் சிறுசிறு துண்டுகளாக இருந்தன. ஒன்று முழுதாக வராமல் அடுத்ததற்குப் போகக்கூடாது. பதிலைச் சரியாகச் சொன்னவன் வகுப்பு வரிசையில் முன்னே நகர்வான். தொடர்ந்து முன்னே நிற்பவன் மேல்வகுப்புக்கும், தடுமாறுபவன் கீழ்வகுப்புக்கும் போவான். அதனால் யாரும் புரியாத பாடத்தில் மாட்டிக்கொண்டு மூலையில் தூங்க வழியில்லை.

பெல் பிரம்பை வெகுவாகக் குறைத்தார். குற்றங்கள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் பதிவாகும்; வாரம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும்; தீர்ப்புச் சொல்வது சக மாணவர் குழு. வேதாகமமும் ஞானோபதேச வினாவிடையும் அன்றாடப் பாடமாக இருந்தன. ஆனாலும் பிள்ளைகளைப் படிப்பில் இழுத்து வைத்தது, தன் பக்கத்தில் இருப்பவன் தேறினானா என்பதற்குத் தானே பதில் சொல்ல வேண்டிய நிலைதான்.

எழுத்துக் கூட்டுவதோடு பள்ளி நின்றுவிடவில்லை. 1792இல் முடிந்த மைசூர்ப் போருக்குப் பின் பிணையாகச் சென்னையில் வைத்திருந்த திப்பு சுல்தானின் இரு மகன்களை 1794இல் திருப்பி அனுப்பியபோது, கூடவே அறிவியல் கருவிகளும் பரிசாகப் போயின. அவற்றை இயக்கிக் காட்டுவதற்காகப் பெல்லின் மாணவர் வில்லியம் ஸ்மித்தும் தூதுக்குழுவில் சேர்க்கப்பட்டார். அப்போது அவர் இளைஞர்தான். மைசூர் மன்னரான திப்பு அவருடைய சோதனைகளை நேரில் பார்த்தார்.

முறையின் மூலம் எது என்பது பழைய வழக்கு. மணலைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்ததை பெல் ஒப்புக்கொண்டார். மாணவனே கற்பிக்கும் ஏற்பாடு மட்டும் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்று கடைசிவரை வாதாடினார். திண்ணைப் பள்ளிக்கூடங்களை அறிந்தவர்களுக்கு இது சற்று மிகையாகவே தோன்றும். அங்கே மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்வதும், முறை வைத்துக் கேட்பதும், ஆசிரியர் இல்லாதபோது பள்ளியை நடத்துவதும் வழக்கம். பெல்லுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1623இல், இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில், சில சிறுவர்கள் ஆசிரியரே இல்லாமல் தரை மணலில் எழுதி, ராகம் போட்டுக் கணக்குப் படித்ததைக் குறித்து வைத்திருக்கிறார். 1823இல் பெல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்ப்பெல், தேர்ந்த மாணவர்கள் மற்றவர்களுக்குக் கற்பிக்கும் நாட்டுப் பள்ளி வழக்கத்தைப் பாராட்டி, அதை இங்கிலாந்து பின்பற்றியது தகும் என்று அரசுக்கு எழுதினார். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இருவர் இருவராக அமர்த்துவது, பதிவேடு, வகுப்பு மாற்றம் என்று அதை ஒழுங்குபடுத்தி எழுத்தில் வைத்தது பெல்தான். அவர் பார்த்த பள்ளியின் ஆசிரியர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1796இல் பெல் நாடு திரும்பினார். மறு ஆண்டு லண்டனில் தம் அனுபவத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். 1798இல் லண்டன் ஆல்ட்கேட்டில் ஒரு திருச்சபைப் பள்ளி முறையை ஏற்றது. அதே ஆண்டில் குவேக்கர் சபையைச் சேர்ந்த ஜோசப் லங்காஸ்டர் லண்டனில் ஏறக்குறைய இதே வழியில் ஒரு பள்ளி தொடங்கினார். எவர் முந்தியவர் என்ற சச்சரவு சபைப் பூசலாக வளர்ந்தது. ஆங்கிலிக்கன் தரப்பு 1811இல் தேசியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்து பெல்லைத் தன் வழிகாட்டியாக்கியது. கவிஞர்கள் சதேயும் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் பெல் பக்கம் நின்றார்கள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் 1819இல் மெட்ராஸ் பள்ளிகளுக்கென்றே ஒரு வாரியம் அமைந்தது. 1814இல் வங்காளத்தின் சின்சுராவில் ராபர்ட் மே என்ற மிஷனரி இம்முறையில் பள்ளிகள் தொடங்கினார். இந்தியாவிலிருந்து போனது லண்டன் முத்திரையோடு இந்தியாவுக்கே வந்தது.

பரவிய வேகத்தில் உயிர் கழன்றது. எழும்பூரில் இருந்தவர்கள் சுமார் 200 பிள்ளைகள். ஒவ்வொருவரையும் பெல் அறிவார். இங்கிலாந்தில் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கானோரை அடைத்து, ஓர் ஆசிரியர் சம்பளத்தில் வேலையை முடிக்கும் சிக்கனத் திட்டமாக அது ஆயிற்று. புரிந்ததா என்று பார்க்க நேரமில்லாத குட்டி ஆசிரியர்கள் மனப்பாடத்தை மட்டும் ஒப்பிக்க வைத்தார்கள். இதில் பெல்லுக்கும் பங்குண்டு. ஏழைப் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பித்தால் அவர்கள் தங்கள் நிலைக்கு மேல் ஆசைப்படக்கூடும் என்று அவரே எழுதினார். ஃபிரிஸ்கனை ஆசிரியனாக்கியவர் இப்படி எழுதியது விந்தைதான். 1846இல் இங்கிலாந்து அரசு, வயதில் மூத்த மாணவர்களை ஊதியம் கொடுத்துப் பயிற்றுவிக்கும் மாணவ ஆசிரியர் திட்டத்தைக் கொண்டுவந்தது. மெட்ராஸ் முறை மெல்ல வழக்கொழிந்தது.

பெல் 1832இல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டார். பெருஞ்செல்வத்தைக் கல்விக்கே எழுதி வைத்திருந்தார். அதில் எழுந்ததே செயின்ட் ஆண்ட்ரூஸின் மெட்ராஸ் கல்லூரி. பெயரில் கல்லூரியானாலும் அது ஓர் உயர்நிலைப் பள்ளி, இன்றும் நடக்கிறது. அவருடைய அறக்கட்டளைப் பணத்தில் எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களில் 1876இல் கல்வியியலுக்குப் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. பிரிட்டனில் அத்துறைக்கு அமைந்த முதல் பதவிகள் அவை. எழும்பூர்ப் பள்ளி 1870களின் தொடக்கத்தில் உதகமண்டலத்துக்கு மாறி, அங்கிருந்த லாரன்ஸ் பள்ளியோடு இணைந்தது.