நொக்ஸ் நடந்த வழியும் நாங்கள் நடந்த வழியும்



லீவு வந்தால் நம்மவர்கள் பெரும்பாலும் நுவரெலியாவுக்குத்தான் வேன் பிடிப்பார்கள். இந்த ஓகஸ்டில் நாங்கள் குடும்பமாக வேறொரு வழியில் போனோம். மூதூரில் புறப்பட்டு கந்தளாய், அநுராதபுரம், வில்பத்து, தந்திரிமலை என்று போய், மன்னார் மாவட்டத்து அரிப்பில் பயணத்தை முடித்தோம். கிழக்குக் கடலில் தொடங்கி மேற்குக் கடலில் முடிகிற பயணம் இது. எங்களுக்கு மூன்று நாள் எடுத்தது. எங்களுக்கு முன் இதே இரண்டு கரைகளுக்கும் இடையில் ஓர் ஆங்கிலேய இளைஞனுக்கு 19 ஆண்டுகள் எடுத்தன. அவர் பெயர் ரொபர்ட் நொக்ஸ். பிள்ளைகளுக்கு வேனில் சொன்ன அவருடைய கதையை ஊராருக்கும் எழுதுகிறோம்.

மூதூர்க்காரருக்கு இந்தப் பெயர் புதிதல்ல. வெள்ளைக்காரன் மரம் என்று சொல்லும் இடமும் அங்குள்ள நினைவுக்கல்லும் எல்லோருக்கும் தெரியும். கல்லுக்குப் பின்னால் உள்ள கதைதான் பலருக்குத் தெரியாது.

1659 நவம்பரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘ஆன்’ என்ற கப்பல் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. புதுப் பாய்மரம் போடவும் வியாபாரம் செய்யவும் அது நமது கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பலின் தலைவர் பெயரும் ரொபர்ட் நொக்ஸ்தான். அவருடைய மகனுக்கு அப்போது 19 வயது. கண்டியை ஆண்ட இரண்டாம் இராஜசிங்கனுக்குக் கடிதமோ காணிக்கையோ அனுப்பாமல் அவர்கள் கரையில் நடமாடியது மன்னனின் ஐயத்தைக் கிளப்பியது. 1660 ஏப்ரலில், புளியமரத்தடியில் இருந்த தலைவரை மன்னனின் ஆட்கள் பிடித்தார்கள். மகனும் பிடிபட்டார். மொத்தம் பதினாறு பேர்.

இதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டுத்தான் எங்கள் மூத்த மகள் வேனில் பேச்சை நிறுத்தினாள். கப்பலுக்குச் செய்தி சொல்ல என்று மகன் நொக்ஸைத் திரும்ப அனுப்பினார்கள். கப்பலில் ஏறியவர் அப்படியே தப்பிப் போயிருக்கலாம். ஆனால் தந்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கப்பலைப் போகச் சொல்லிவிட்டு, தந்தையிடம் திரும்பி வந்து தானும் கைதியானார். “வாப்பா, அவர் ஏன் இறங்கினார்?” என்று மகள் கேட்டாள். கந்தளாய் வரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம்.

கந்தளாய்க் குளக்கட்டில் வேனை நிறுத்தினோம். இந்தக் குளம் இரண்டாம் அக்போ மன்னன் காலத்தது என்பார்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அணை உடைந்து நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2006 ஓகஸ்டில், மூதூரில் சண்டை மூண்டபோது பல்லாயிரம் பேர் இந்தக் கந்தளாய்க்குத்தான் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் நடந்தே வந்தார்கள். நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். தலையில் பொதி, கையில் தம்பி தங்கச்சி, வழி முழுவதும் வெயில். அந்த நடையைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் காட்ட எங்களிடம் ஒரு பக்கம்கூட எழுத்தில் இல்லை. நினைவில் இருந்ததை மட்டும் சொன்னோம்.

நொக்ஸின் கதைக்குத் திரும்புவோம். கைதிகளைக் கண்டி இராச்சியத்தின் கிராமங்களில் பிரித்து வைத்தார்கள். சிறையில் அடைக்கவில்லை, ஊரை விட்டுப் போகத்தான் தடை. 1661 பெப்ரவரியில் தந்தை காய்ச்சலில் இறந்தார். மகன் தன் கையாலேயே அவரை அடக்கம் செய்தார். பிறகு தொப்பி பின்னி விற்றார், சில்லறை வியாபாரம் செய்தார், சிங்களம் பேசப் பழகினார். வியாபாரம்தான் அவருக்கு வழியையும் காட்டியது. வடக்கே பொருள் விற்கப் போகிறவர் போல ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் தூரம் போய் நாட்டைப் பார்த்துவைத்தார். சில ஆண்டுகள் வடக்கில் கடும் வறட்சி. தண்ணீர் இல்லாத காட்டைக் கடக்க முடியாமல் பொறுத்திருந்தார்.

1679 செப்டெம்பர் 22 அன்று ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு கடைசி முறையாகப் புறப்பட்டார். தோளில் மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டு வியாபாரிகள். அநுராதபுரப் பக்கத்தில் அவர்கள் சந்தித்த மக்கள் தமிழ் பேசுகிறவர்கள், சிங்களம் விளங்காதவர்கள். இரு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, சிங்களம் தெரிந்த ஒருவர் வந்துதான் பேச்சு தொடங்கியது. அநுராதபுரத்துத் தேநீர்க் கடையில் எங்கள் சின்னவன் தமிழில் தண்ணீர் கேட்டு, கடைக்காரர் சிங்களத்தில் பதில் சொல்லி, இருவரும் சிரித்துக்கொண்டு நின்றபோது இந்த இடத்தைத்தான் சொல்லிக் காட்டினோம். நாட்டின் மொழிகள் இரண்டையும் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பில் கிடைக்காது.

அங்கிருந்து அவர்களுக்கு வழிகாட்டியது அருவி ஆறு, சிங்களத்தில் மல்வத்து ஓயா. ஆறு எப்படியும் கடலுக்குத்தானே போகும் என்று அதன் கரையைப் பிடித்து நடந்தார்கள். முள்ளுக்குப் பயந்து காலுக்கு மான்தோல், மழைக்கும் பனிக்கும் தாளிப்பனை ஓலை, இரவில் யானைக்குப் பயந்து நெருப்பு.

வில்பத்து தேசியப் பூங்கா இந்த ஆற்றுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. 1938இல் தேசியப் பூங்காவானது, சுமார் 1,300 சதுர கிலோமீற்றர். யுத்தத்தில் நீண்ட காலம் மூடிக் கிடந்தது. ‘வில்லு’ எனப்படும் இயற்கைக் குளங்கள் அதன் சிறப்பு. பூங்காவுக்குள் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. நடந்து பார்க்க ஆசைப்பட்ட பிள்ளைகளுக்குத் தந்திரிமலைப் பாறைகள்தான் வாய்ப்புக் கொடுத்தன. வெயில் ஏறுமுன் பாறைகளில் ஏறி, ஊர்க்காரர் ஒருவர் துணையோடு ஆற்றங்கரைக்கும் போனோம். மழைக்கு முந்திய காலம். மருத மரங்களுக்கு நடுவே ஆறு பாதிக்கு மேல் மணலாகக் கிடந்தது. அரை மணி நேரம் நடந்ததும் சின்னவன் தண்ணீர்ப் போத்தலைக் காலி செய்துவிட்டான். “நொக்ஸ் எத்தனை நாள் நடந்தார்?” என்றான். இருபத்தாறு நாள் என்றோம். பிறகு அவன் முறைப்பாடு சொல்லவில்லை.

1679 ஒக்டோபர் 18 அன்று நொக்ஸ் அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அடுத்த ஆண்டு இங்கிலாந்து சேர்ந்து, 1681இல் இலங்கையைப் பற்றிய நூலை வெளியிட்டார். அது ஒல்லாந்த, ஜேர்மன், பிரெஞ்சு மொழிகளுக்கும் போனது. ரொபின்சன் குரூசோ கதைக்கு அதுவும் ஒரு தூண்டுதல் என்பார்கள். அக்காலத்துக் கண்டி நாட்டு மக்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படி வயல் செய்தார்கள் என்பதற்கு இன்றும் ஆய்வாளர்கள் அந்தக் கைதியின் நூலைத்தான் புரட்டுகிறார்கள்.

அரிப்புக் கோட்டையில் இப்போது சிதைந்த சுவர்கள்தான் மிச்சம். அது முசலிப் பிரதேசம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்த ஊர்களும் வெறுமையாகின. மொத்தம் சுமார் 75,000 பேர். மன்னார்ப் பக்கத்தில் பலர் வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனார்கள். சிலாவத்துறையில் எங்களுக்குத் தேநீர் தந்த ஒரு மூத்தாப்பா அந்த இரவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். எந்தப் பொருளை எடுத்தார், எதை விட்டார், எந்த வள்ளம், அலை எப்படி இருந்தது என்று எல்லாம் அவர் மனதில் இருக்கிறது. “எழுதி வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டோம். “யார் மகன் எழுதுறது?” என்றார்.

இந்தப் பதிவை எழுதக் காரணம் அந்தக் கேள்விதான். நொக்ஸ் அரசனுமல்ல, அறிஞருமல்ல. பட்டதை எழுதியதால் மூதூரில் அவருக்கு ஒரு கல் இருக்கிறது. நம் ஊர்களில் 1986 வெள்ளத்தைக் கண்டவர்கள், 2004 டிசம்பர் 26 கடலில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், 2006இல் கந்தளாய்க்கு நடந்தவர்கள், 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் பாதையில் கங்கை கடந்து தொழிலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு நூல் எழுதப்படாமலே மண்ணுக்குள் போகிறது.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த லீவில் முடிந்தால் பிள்ளைகளை இந்த வழியில் கூட்டிப் போங்கள். ஆற்றங்கரைக்கு ஊர்த்துணை இல்லாமல் இறங்க வேண்டாம், யானை நடமாட்டம் உண்டு. போக முடியாதவர்கள் வீட்டிலுள்ள மூத்தாப்பா, மூத்தும்மா பக்கத்தில் பிள்ளையை ஒரு கொப்பியோடு உட்கார வையுங்கள். மூன்று கேள்வி போதும்: எப்போது நடந்தீர்கள்? யாரோடு நடந்தீர்கள்? கையில் என்ன இருந்தது? சொல்கிற திகதியையும் இடப் பெயரையும் அப்படியே எழுதட்டும். எங்கள் வகுப்பில் இந்தத் தவணை இதைத் தொடங்குகிறோம். மற்றப் பாடசாலை ஆசிரியர்களும் சேர்ந்தால் நல்லது.